கொழிஞ்சாம்பாறையில் ஆர்சி கார் பந்தயத் தடம்: காப்பீடும் தொழில் அமைப்பும்

கேள்வி — கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குச் சற்றுக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு தென்னந்தோப்பு உள்ளது. அதன் ஓரத்தில் மரம் இல்லாமல் கிடந்த ஏறத்தாழ 60 சென்ட் இடத்தில், ரிமோட் மூலம் ஓட்டும் ஆர்சி கார்களுக்காக மண் தடம் ஒன்றை அமைத்து, நானும் என் மைத்துனரும் ஒரு நண்பருமாக இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி வருகிறோம். முதலில் நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம். இப்போது பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பதினைந்து, இருபது பேர் கார்களுடன் வருகிறார்கள். அவர்களுடன் குடும்பத்தாரும் வருகிறார்கள். தண்ணீர் தெளிக்கவும் தடத்தைச் சீர்செய்யவும் ஆகும் செலவை நாங்களே ஏற்று வந்தோம். இனி நுழைவுக் கட்டணம் வாங்கி, சிறிய உதிரிபாகக் கடையும் வைத்து, இதை முறையான தொழிலாக நடத்த விரும்புகிறோம்.

என்னை அவசரப்படுத்தியது கடந்த தை மாதம் நடந்த ஒரு விபத்து. எங்கள் பக்கம் கணவாய்க் காற்று புழுதியோடு அடிக்கும் காலம் அது. ஒருவர் ஓட்டிய, உண்மைக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ‘பக்கி’ வகை ஆர்சி கார், மேட்டில் எழும்பியபோது காற்றில் திரும்பி, ஓரத்தில் பதித்திருந்த பிவிசி குழாயைத் தாண்டி வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கணுக்காலில் மோதியது. எலும்பில் சிறு விரிசல். தந்தை எங்கள் நண்பர் என்பதால் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. மருத்துவச் செலவை நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம். அது கணுக்காலாக இல்லாமல் கண்ணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பல இரவுகள் உறக்கம் வரவில்லை. அன்றிலிருந்து தடத்தை மூடி வைத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த காப்பீட்டு முகவர் ஒருவர், கடைக்காரர்களுக்கான பாலிசி ஒன்றை எடுத்தால் எல்லாம் அதில் அடங்கிவிடும் என்கிறார். அது சரியா? மூவரும் கூட்டாண்மையாகப் பதிவு செய்வதா, எல்எல்பியா (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), அல்லது சங்கமாகவே வைத்துக்கொள்வதா? வருபவர்களிடம் ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பன்று’ என்று எழுதி வாங்கினால் அது செல்லுமா? இடம் என் தந்தையின் பெயரில் உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 — பொதுக் காப்பீட்டுத் தரகுத் துறையில் இருப்பவர், கோயம்புத்தூர்

விபத்துக்குப் பிறகு தடத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறீர்களே, அதற்காக முதலில் உங்களுக்கு என் மரியாதை. பெரும்பாலோர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுவார்கள்.

கடைக்காரர் பாலிசி உங்களுக்குப் போதாது. அத்தகைய பாலிசி முதன்மையாகக் கடையின் கட்டடம், சரக்கு, பணம் ஆகியவற்றுக்கானது. அதில் பொறுப்புக் காப்பீடு ஒரு பிரிவாக இருந்தாலும், ‘உதிரிபாக விற்பனை’ என்று எழுதிய பாலிசியின்கீழ், வெளியே மணல்மேட்டில் பறந்த கார் மோதியதற்கு இழப்பீடு கேட்டால், நீங்கள் சொல்லாத தொழிலுக்கு நாங்கள் பொறுப்பல்லர் என்று நிறுவனம் கூற முழு உரிமை உண்டு. பாலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் எதை எழுதினீர்களோ அதையே வாங்கியிருக்கிறீர்கள். எழுதாத எதையும் வாங்கவில்லை.

உங்களுக்கு வேண்டிய முதல் பாலிசி, தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு. இதே பெயரில் 1991இல் ஒரு சட்டம் வந்தது. போபால் விபத்துக்குப் பின், அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. அதன்கீழ் வழங்கப்படும் பாலிசி உங்களுக்கு உரியதன்று. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி எழுதிக் கொடுத்துவிடும் அலுவலகங்களும் உண்டு. ஆகவே பாலிசியோடு வரும் விவர அட்டவணையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பாலிசியில் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும். இரண்டையும் ஒரே தொகையாக வைத்துக்கொண்டால், ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய விபத்து நடந்து அந்தத் தொகை தீர்ந்துவிட்டால் மீதி மாதங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். என் கருத்தில் ஒரு விபத்துக்கு 25 லட்சத்துக்குக் குறையாமலும், ஆண்டு வரம்பு அதைப்போல் இரு மடங்காகவேனும் இருக்க வேண்டும். வழக்குச் செலவும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்குவதுதான் வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்த வகைப் பாலிசிகளில் மக்கள் கவனிக்காத ஓர் இயல்பு உண்டு. பெரும்பாலும் இவை, விபத்து நடந்த நாளை மட்டுமல்லாமல், உங்கள்மீது இழப்பீடு கோரப்படும் நாளையும் பார்க்கும். அந்த நாளிலும் பாலிசி உயிருடன் இருக்க வேண்டும். காயம் பட்டவர் சிறுவர் என்றால், அவர் வயது வந்த பிறகும் வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஓராண்டு எடுத்து, மறு ஆண்டு வருமானம் குறைந்ததென்று விட்டுவிட்டு, பிறகு மீண்டும் எடுப்பது இங்கே பெரிய தவறாகும். பின்னோக்கிய தேதி என்று அட்டவணையில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும்; அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பாலிசி பொருந்தாது. இடைவெளியின்றிப் புதுப்பித்து அந்தத் தேதியைக் காத்துக்கொள்ளுங்கள்.

இனி விலக்குகள். உங்கள் பணியாளருக்கு ஏற்படும் காயத்துக்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி பணம் தராது; அதற்குப் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியே வேண்டும். மார்ஷல்களை நினைத்துப் பாருங்கள். கவிழ்ந்த காரை நிமிர்த்தத் தடத்துக்குள்ளேயே நிற்பவர்கள் அவர்கள். அடிபட வாய்ப்பு மிகுந்தவர்களும் அவர்களே. ஒரு சுற்றில் ஓட்டியவரே அடுத்த சுற்றில் மார்ஷலாக நிற்பது நம் வழக்கம் என்பதால், அவரைப் பணியாளர் என்றும் சொல்ல முடியாது, வெளியார் என்றும் சொல்ல முடியாது. இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காகக் குழுத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை எடுத்து, ஓட்டுபவர், மார்ஷலாக நிற்பவர் என இருவரையும் அதில் சேர்க்க வேண்டும். அப்பாலிசியில் ‘பந்தயம்’ விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பந்தயம் என்ற சொல்லைக் கண்டதும், மனிதர் உள்ளே அமர்ந்து ஓட்டும் மோட்டார் பந்தயம் என்று அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் எங்கள் ஊர் அலுவலகங்களில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக வரும். ரிமோட்டால் இயக்கப்படும் மாதிரிக் கார், இவ்வளவு எடை, மின்கலத்தில் ஓடுவது, உள்ளே மனிதர் எவரும் இல்லை என்று விளக்கி எழுதி, பந்தய விலக்கு இதற்குப் பொருந்தாது என்று எழுத்திலேயே ஒப்புதல் வாங்குங்கள்.

பிரிட்டனில் பிஆர்சிஏ, அமெரிக்காவில் ரோர் போன்ற ஆர்சி பந்தயச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு அந்தச் சங்கத்தின் வழியாகவே காப்பீடு கிடைக்கிறது. இணையத்தில் அவர்களுடைய விதிகளைப் படித்துவிட்டு, உறுப்பினர் அட்டையே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே நீங்களே பாலிசி எடுத்தாக வேண்டும்.

காப்பீட்டைவிட வேலியே முதலாவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 3.2 கிலோ எடையுள்ள பக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 440 ஜூல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள தேங்காய் பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைப்போல் இரு மடங்கு அது. தேங்காய் விழும் மரத்தடியில் குழந்தையை உட்கார வைக்க மாட்டோம் அல்லவா? பார்வையாளர் நிற்கும் பக்கம் முழுவதும் நெஞ்சளவு உயரத்துக்குக் கம்பிவலை, அதற்கும் தடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டராவது வெற்றிடம், ஓட்டுபவர்கள் நிற்க உயர்ந்த மேடை ஆகியவற்றைச் செய்து படம் எடுத்து முன்மொழிவோடு இணைத்தால், நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு முன்பே விடை சொன்னவர் ஆவீர்கள்.

பதில் 2 — முன்பு உள்ளரங்கத் தடம் நடத்தியவர், பொள்ளாச்சி

மேலே சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடும் இல்லை. என் அனுபவத்தில் நடந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வாடகைக் கூடம் ஒன்றில் சிறிய கார்களுக்கான தடம் நடத்தினேன். வாடிக்கையாளர்கள் தங்கள் கார்களை என்னிடமே வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் மாலை, வீங்கிய லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்றை யாரோ சார்ஜில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்றுவிட, அது தீப்பற்றி அலமாரி முழுவதும் எரிந்தது. எட்டுக் கார்கள் போயின. என் பொருள்களுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்தது. அந்த எட்டுக் கார்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. என் பொறுப்பில், என் காவலில் இருந்த பிறர் பொருள் பொதுப் பொறுப்புப் பாலிசியில் விலக்கப்பட்டிருந்தது. அதை நான் படித்திருக்கவில்லை. எட்டுப் பேருக்கும் தவணை முறையில் நானே பணம் கொடுத்து முடித்தேன். அதன் பிறகு தடத்தை நடத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கார்களை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் தீக்காப்பீட்டில் ‘பிறர் உடைமை’ என்று தனியே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் செய்யும் இடம் கூரை ஓலையாக இல்லாத தனிக் கொட்டகையாக இருக்கட்டும். சிமெண்ட் பலகை, மணல் வாளி, ஆள் இல்லாமல் சார்ஜ் இல்லை என்ற கண்டிப்பு வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. பந்தயம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பேட்டரி 3.8 வோல்ட் அளவில் இருப்பது நல்லது.

திரவ எரிபொருளில் ஓடும் நைட்ரோ கார்களை அனுமதிக்கவே வேண்டாம். அந்த எரிபொருளில் முதன்மையாக இருப்பது மெத்தனால். பகல் வெளிச்சத்தில் அது எரிவதே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதோடு அது நஞ்சு. கேரளம் முழுவதற்கும் கள் போகிற உங்கள் சித்தூர் வட்டாரத்தில், தென்னந்தோப்புக்குள் கேன் கேனாக மெத்தனால் வைத்திருப்பதைக் கலால் துறையினர் கண்டால் உங்கள் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே நடவடிக்கை தொடங்கிவிடும். மின்சாரக் கார்கள் மட்டும் என்று வைத்தால் சத்தத்தைப் பற்றிய புகாரும் வராது; குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபல்தான்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்களை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் எங்களிடமும் இருக்கிறது. இன்றோடு அதை நிறுத்துகிறோம். இடத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். தந்தையின் பெயரில் பட்டா உள்ளது, ஆண்டுதோறும் வரி கட்டுகிறோம். கிராம அலுவலகத்தின் பதிவேட்டில் ‘நிலம்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எனவே அதில் சிக்கல் ஏதும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் 3 — வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சித்தூர்

தம்பி, நீங்கள் சிக்கல் இல்லை என்று நினைத்த அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் திட்டம் முழுவதும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதினால் அது நெல்வயல் என்று பொருள். தோட்டமாகவும் மேட்டுப் பூமியாகவும் இருப்பதைப் ‘புரையிடம்’ என்றோ ‘தோட்டம்’ என்றோ எழுதுவார்கள். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தச் சொல்லால் ஏமாந்து, கட்டடம் எழுப்பிய பிறகு நோட்டீஸ் வாங்கியதை என் பணிக்காலத்தில் நேரில் கண்டிருக்கிறேன்.

2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. உங்கள் இடத்தில் இப்போது தென்னை நிற்கிறது என்பது மட்டும் போதாது. அந்தச் சட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் தயாரிக்கப்பட்ட, நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியலான தரவு வங்கியில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேட்டால் சொல்வார்கள். அதில் இருந்து, உண்மையில் 2008க்கு முன்பே வயலாக இல்லாமல் போயிருந்தால், படிவம் 5இல் மனு கொடுத்து அதிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். அதில் இல்லாமல், பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால், 27ஏ பிரிவின்கீழ் அதற்குரிய படிவத்தில் மனு கொடுத்து நிலத்தின் தன்மையை மாற்றிக்கொள்ளலாம். மனு ஆர்டிஓ எனப்படும் கோட்ட வருவாய் அலுவலருக்கோ, இப்போது தாலுகா அளவில் அதிகாரம் பெற்றுள்ள துணை ஆட்சியருக்கோ இணையவழியில் செல்லும். நிலத்துக்கு அரசு நிர்ணயித்த நியாய விலையில் பத்து விழுக்காடு அளவுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் பாட்டனார் காலத்திலேயே, 1967 ஜூலை 4க்கு முன்பாகவே அது தோப்பாக மாறியிருந்தது என்பதற்குப் பழைய ஆவணம் ஏதும் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். அதற்கென்று வேறு வழி இருக்கிறது. ஆனால் தரவு வங்கியில் இருந்து, இன்றும் வயல் தன்மை மாறாத இடம் என்றால், அங்கே தடம் அமைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வணிகத் தேவைக்காக அதை மாற்றித் தர எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை.

இது முடியாமல் ஊராட்சியில் உரிமம் கேட்டுப் பயனில்லை. இது முடிந்த பிறகு, கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்கீழான தொழில் உரிமமும், கட்டணம் வாங்கிப் பொதுமக்களை மகிழ்விக்கும் இடம் என்பதால் 1963ஆம் ஆண்டின் பொதுக் கேளிக்கை இடங்கள் சட்டத்தின்கீழான உரிமமும் கேளுங்கள். ஓட்டுநர் மேடையும் கொட்டகையும் கட்டுமானமாகக் கருதப்படும்; 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி வாங்கிய பிறகே எழுப்புங்கள். மக்கள் கூடும் இடம் என்ற வகையில் அது வரும். தடத்துக்காகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து களிமண் லாரியில் கொண்டுவருவதாக இருந்தால், சுரங்கம், புவியியல் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு லோடும் எல்லை தாண்டக் கூடாது.

மனுவைத் தமிழில் எழுதியே கொடுக்கலாம். சிறுபான்மை மொழியினருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சர்வே எண், பிளாக் எண், தண்டப்பேர் எண் (நில உரிமையாளரின் கணக்கு எண்) ஆகியவற்றை மலையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கோப்பு நகர்வதற்கு அது உதவும்.

இன்னொன்று. தந்தையிடமிருந்து இடத்தைக் குத்தகைக்கு எடுக்கப்போகிறீர்கள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு புதிதாக நிலக் குத்தகை உண்டாக்குவதைத் தடை செய்கிறது. வணிகத்துக்கென்று குறிப்பாகக் கொடுக்கப்படும் குத்தகைக்கு 3ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆகையால் ஆவணத்தில் ‘வணிகப் பயன்பாட்டுக்காக மட்டும்’ என்ற வாசகம் தெளிவாக இடம்பெற வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் பத்திரம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். நாளை காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போகும் தாள் அதுதான்.

பதில் 4 — கணக்கியல் பயிற்சியில் இருப்பவர், பாலக்காடு

தொழில் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாதாரணக் கூட்டாண்மையில் மூவரில் ஒருவர் செய்யும் தவற்றுக்கு மற்ற இருவரின் வீடும் தோப்பும்கூடப் பொறுப்பாகும். உங்களைப்போல் உடலுக்குக் காயம் நேரக்கூடிய தொழிலில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2008ஆம் ஆண்டின் சட்டப்படி எல்எல்பி பதிவு செய்தால், நிறுவனத்தின் கடனுக்கும் மற்றப் பங்காளியின் கவனக்குறைவுக்கும் உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: உங்கள் சொந்தக் கவனக்குறைவுக்கு எல்எல்பியும் உங்களைக் காப்பாற்றாது. அன்றைக்கு வேலி இல்லாத இடத்தில் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர் நீங்கள் என்றால், பாதிக்கப்பட்டவர் நிறுவனத்தோடு சேர்த்து உங்கள்மீதும் வழக்குத் தொடரலாம். அமைப்பு ஒரு சுவர், காப்பீடு இன்னொரு சுவர். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. பாலிசியில் எல்எல்பியோடு மூன்று பங்காளிகளின் பெயர்களும் இருக்கட்டும்.

வரி வகையில் எல்எல்பிக்கு ஒரு குறை உண்டு. விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் கணக்கிடும், சிறு வணிகர்களுக்கான உத்தேச வருமான முறை அதற்குக் கிடைக்காது; லாபத்தில் 30 விழுக்காடு வரியும் அதன்மீது மேல்வரியும் கட்ட வேண்டும். வருமானம் இல்லாத ஆண்டிலும் ஆண்டறிக்கைகளைத் தவறாமல் சமர்ப்பிக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ, பங்காளிகளின் மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டினால் தணிக்கை கட்டாயம். உங்கள் அளவுக்கு இவை தாங்கக்கூடிய சுமைகள்தாம்.

லாப நோக்கமே இல்லாமல் உறுப்பினர்களுக்காக மட்டும் நடத்துவதானால் சங்கம் பொருந்தும். அப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: பாலக்காட்டின் மற்ற பகுதிகள் பழைய மலபாரைச் சேர்ந்தவை, அங்கே 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கொச்சிச் சட்டம். எந்தச் சட்டத்தின்கீழ் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு விதிமுறைகளை எழுதுங்கள். நீங்கள் உதிரிபாகக் கடையும் வைக்கப்போவதால் சங்கம் உங்களுக்குச் சரிவராது என்பதே என் எண்ணம்.

சேவையும் விற்பனையும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் நுழைவுக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு. வருபவர் கோயம்புத்தூர்க்காரராக இருந்தாலும், தடம் கேரளத்தில் இருப்பதால் கேரள வரியே பொருந்தும். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்து குறு நிறுவனச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்கு மட்டுமன்றி, கிளைம் தகராறு வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லவும் அது உதவும். குறு நிறுவனங்களின் புகாரை அவர் விசாரிக்க முடியும். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியில் இருக்கிறது.

பந்தயத்தில் நுழைவுப் பணத்தைத் திரட்டி வெற்றி பெற்றவருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். திறமை விளையாட்டுக்குக் கேரளச் சூதாட்டச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், பார்வையாளர் ஒருவர் அதன்மேல் பந்தயம் கட்டத் தொடங்கினால் கெட்ட பெயர் உங்களுக்கு. கோப்பையும் டயர் செட்டும் பரிசாகக் கொடுத்தால் போதும்.

கேட்டவர்

ஐயா, நிலம் என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தந்தையிடம் படித்துக் காட்டினேன். தோப்பு வைத்தது தம் தந்தை என்றும், கிணறு வெட்டிய ஆண்டின் ரசீது எங்கோ இருக்க வேண்டும் என்றும் சொல்லிப் பெட்டியைத் திறந்து தேடத் தொடங்கிவிட்டார். நாளை கிருஷி பவனுக்குச் செல்கிறேன். அது தெளிவாகும்வரை தடம் மூடியே இருக்கும்.

ஒப்புதல் கடிதத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. வருபவர்களில் பாதிப் பேர் பள்ளி மாணவர்கள்.

பதில் 1 — காப்பீட்டுத் தரகுத் துறையில் இருப்பவர்

வாங்குங்கள், ஆனால் அதை நம்பி எதையும் குறைத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த காலத்திலிருந்தே நிலைபெற்ற சட்டம். பெற்றோர் கையெழுத்திட்டாலும், உங்கள் கவனக்குறைவால் பிள்ளைக்கு ஏற்பட்ட இழப்பைக் கேட்கும் பிள்ளையின் உரிமையை அந்தக் கையெழுத்து அழித்துவிடும் என்று எண்ண முடியாது. பெரியவர்களிடம்கூட, ‘நாங்கள் எதற்கும் பொறுப்பல்லர்’ என்று ஒருதலையாக எழுதி வாங்குவது நுகர்வோர் ஆணையத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று கேள்விக்குள்ளாகும். அந்தத் தாளின் உண்மையான பயன் வேறு. எந்த அபாயங்களைச் சொன்னீர்கள், எங்கே நிற்கக்கூடாது என்று காட்டினீர்கள், மூடிய காலணி வேண்டும் என்று சொன்னீர்களா என்பதற்கு அது சான்று. ஆகவே பொறுப்புத் துறப்பாக எழுதாமல், எச்சரிக்கையாகவும் விதியாகவும் எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, பெற்றோர் உடன் இருக்கும் பிள்ளைகளை மட்டும் அனுமதியுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் மருத்துவமனை. அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல். மனிதாபிமானத்தோடு உதவுங்கள், ஆனால் நிறுவனத்தின் ஒப்புதலுக்கு முன் இழப்பீட்டுத் தொகை எதையும் பேசி முடிக்காதீர்கள். அது பாலிசி நிபந்தனையை மீறுவதாகும். தை மாத விபத்தையும் முன்மொழிவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியே இல்லாமல் போகும்.

நில உரிமையாளர் என்ற முறையில் உங்கள் தந்தையின் பெயரையும் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கு வந்தால் முதல் நோட்டீஸ் இடத்துக்காரருக்கே போகும். நீங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் பாலிசி எடுத்தாலும், அட்டவணையில் இடர் அமைவிடமாகக் கொழிஞ்சாம்பாறைச் சர்வே எண்ணே இருக்க வேண்டும்.

தொழில் விவரம் என்ற கட்டத்தில் இப்படி எழுதலாம்: ‘ரிமோட் மூலம் இயக்கப்படும், மின்கலத்தில் ஓடும், நான்கு கிலோவுக்கு மேற்படாத மாதிரிக் கார்களைத் திறந்தவெளி மண் தடத்தில் கட்டணத்துக்கு ஓட்ட அனுமதித்தல், மாதம் ஒருமுறை போட்டி நடத்துதல், பார்வையாளரை அனுமதித்தல், உதிரிபாகங்களும் பேட்டரியும் விற்றல். மனிதர் ஏறி ஓட்டும் வாகனம் இல்லை. திரவ எரிபொருள் இல்லை.’ இதோடு தடத்தின் வரைபடத்தையும் இணையுங்கள். அதில் வேலி, மேடை, சார்ஜ் கொட்டகை, பார்வையாளர் பகுதி ஆகியவற்றோடு தென்னை மரங்கள் நிற்கும் இடங்களையும் குறியுங்கள். வண்டி நிறுத்துமிடம் அவற்றின் அடியில் வேண்டாம்.